27 அங்குல 4கே மானிட்டர், பழைய ஐ5 கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

பக்கம்கட்டி

வணக்கம். புத்தகப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் வேலை. கணினி இன்டெல் ஐ5-8400, எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்), விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மானிட்டர் 22 அங்குலம், 1080பி.

பக்கத்தை நிஜ அளவில் வைத்தால் ‘ர’வும் துணைக்காலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ‘கி’யின் கொக்கியும் ‘கீ’யின் சுழியும் அப்படித்தான். ஒற்றுக்கு மேலிருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போகிறது. 200 சதவீதம் பெரிதாக்கினால்தான் நம்பிப் படிக்க முடிகிறது. அப்போது பக்கம் முழுதாகத் தெரிவதில்லை.

27 அங்குலத்தில் 2கே (2560×1440) போதுமா, 4கே தேவையா? 32 அங்குலம் எடுத்தால் கண்ணுக்கு இன்னும் நல்லதா? பக்க வடிவமைப்பு நிரல்களில் பழைய கோப்புகள் பேஜ்மேக்கரில், புதியவை இன்டிசைனில். டெல் எஸ்2722க்யூசி, எல்ஜி 27யுஎல்500 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். கணினியை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

---

புள்ளியடர்த்தி

உங்கள் வேலைக்கு 27 அங்குல 4கேதான். 2கே எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதே. உங்கள் 22 அங்குலம் (உண்மையில் 21.5) 1080பி திரையில் அது 102. 27 அங்குல 2கேயில் 109. அவ்வளவுதான் வித்தியாசம். 10 பாயின்ட் அளவிலுள்ள எழுத்தைத் தாளில் வரும் அதே அளவில் காட்டும்போது அதற்கு இப்போது கிடைப்பது 14 பிக்சல் உயரம், 2கேயில் 15. ‘ர’வின் அடியில் இறங்கும் சாய்கோட்டுக்கு இரண்டிலுமே ஒன்றரை, இரண்டு பிக்சல்தான் மிஞ்சும். 2கே இடத்தைக் கூட்டும், கூர்மையைக் கூட்டாது.

27 அங்குல 4கேயில் (3840×2160) அடர்த்தி 163. அதே எழுத்துக்கு 22, 23 பிக்சல். துணைக்காலும் ‘ர’வும் அங்கே பிரிந்துவிடும். 32 அங்குல 4கே 140க்குள் நின்றுவிடுகிறது, 19 பிக்சல். கெட்டதில்லை, ஆனால் மெய்ப்புக்கு 27 அங்குலமே நல்லது. 24 அங்குல 4கே 185 தரும்; இப்போது அந்த அளவில் மாடல்கள் மிகக் குறைவு. 27 அங்குல 5கே (5120×2880) 218. எழுத்து அச்சடித்த தாள் போல இருக்கும், ஆனால் உங்கள் கணினியால் முடியாது, விலையும் வேறு உலகம்.

தூரத்தையும் பாருங்கள். சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 27 அங்குல 4கேயில் ஒரு பிக்சல் 0.155 மிமீ, 53 செமீ தள்ளி உட்கார்ந்தாலே பிக்சல் கண்ணில் படாது. மேசையில் பெரும்பாலோர் உட்காரும் தூரமே அதுதான். 27 அங்குல 2கேக்கு இதே நிலை வர 80 செமீ தள்ளிப் போக வேண்டும். அங்கிருந்து யாரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை.

பக்க வேலைக்கு இன்னொரு கணக்கு. 27 அங்குலத் திரையின் பரப்பு 59.8 × 33.6 செமீ. ஏ4 இரட்டைப் பக்கம் 42 × 29.7 செமீ. நிஜ அளவில் விரித்து வைத்தாலும் பக்கவாட்டில் 17 செமீ மீதி, கருவிப் பெட்டிகளை அங்கே நிறுத்தலாம். மேலும் கீழுமாக நாலு செமீ. மெனுவும் டாஸ்க்பாரும் அதற்குள் நெருக்கிக்கொண்டு உட்காரும். 23.8 அங்குலத் திரையின் உயரம் 29.6 செமீதான், ஏ4 அதில் நிஜ அளவில் அடங்கவே அடங்காது. ஏ4ஐவிடச் சிறிய டெம்மி அளவுப் புத்தகம் மட்டும்தான் வேலை என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

விண்டோஸில் ஸ்கேலிங் (எழுத்தையும் மெனுவையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 150 சதவீதம் வையுங்கள். 100இல் வைத்து “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. 150இல் மெனு எழுத்துகள் ஏறக்குறைய உங்கள் இப்போதைய அளவிலேயே இருக்கும், கூர்மை மட்டும் ஏறியிருக்கும்.

---

முனையம்20

மேலே சொன்ன அளவுக் கணக்கெல்லாம் சரி. ஆனால் மானிட்டருக்கு முன்னால் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐ5-8400க்குள் இருக்கும் உள் கிராபிக்ஸான யுஎச்டி 630, எச்டிஎம்ஐ வழியாக நேராகத் தருவது 1.4 தரம்தான். அதில் 4கே வரும், ஆனால் படம் நொடிக்கு 30 தடவைதான் (30 ஹெர்ட்ஸ்) புதிதாக வரையப்படும். 60 வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை மானிட்டர் இணைப்பு இருக்க வேண்டும். எச்310 போர்டுகளில் பலவற்றில் அது கிடையாது. பின்னால் என்னென்ன போர்ட் இருக்கிறது?

---

பக்கம்கட்டி

ஒரு விஜிஏ, ஒரு எச்டிஎம்ஐ. வேறு எதுவும் இல்லை. கடையில் கேட்டேன், “ஜிடி 710 கார்டு போடுங்க, 4கே சப்போர்ட்னு அட்டையிலேயே இருக்கு” என்கிறார்கள். போடலாமா? பழைய 22 அங்குலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை.

---

முனையம்20

ஜிடி 710 வேண்டாம். அட்டையில் 4கே என்றிருப்பது பொய்யில்லை, 30 ஹெர்ட்ஸ் என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதன் எச்டிஎம்ஐயும் 1.4தான். உங்கள் போர்டில் ஏற்கெனவே இருப்பதையே காசு கொடுத்து இன்னொரு தடவை வாங்குவதாகும்.

30இல் படம் வரும், எழுத்தும் கூர்மையாகவே இருக்கும். கெடுவது அசைவு. மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும், பக்கத்தை உருட்டும்போது வரிகள் இழுபடும், தட்டச்சு செய்தால் எழுத்து ஒரு கணம் பிந்தி விழுகிற மாதிரி இருக்கும். நாள் முழுக்க அதில் உட்கார முடியாது.

ஏன் இந்தத் தடை என்றால்: 4கே, 60 ஹெர்ட்ஸ், ஒரு பிக்சலுக்கு 24 பிட் (மூன்று நிறங்களுக்கும் 8 பிட் வீதம்). படத்துக்கு மட்டும் நொடிக்கு 11.9 கிகாபிட். வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்தால் எச்டிஎம்ஐ கணக்கில் 14.3. எச்டிஎம்ஐ 1.4 சுமப்பது 8.2 கிகாபிட், அதனால் பாதி வேகம். எச்டிஎம்ஐ 2.0 சுமப்பது 14.4, மயிரிழையில் அடங்குகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் 17.3, 10 பிட் நிறம் வைத்தாலும் தாங்கும். எச்டிஎம்ஐ 2.0இல் 10 பிட் கேட்டால் இடம் போதாமல் நிறத் தகவலை வெட்டும். அப்போது வண்ண எழுத்துகளின் ஓரம் கரையும். எழுத்து வேலைக்கு அதில் 8 பிட்டிலேயே வையுங்கள்.

உங்களுக்குப் பொருந்தும் கார்டுகள் இவை.

ஜிடி 1030: எச்டிஎம்ஐ 2.0பி, 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். 30 வாட், தனி மின்கம்பி தேவையில்லை, பழைய எஸ்எம்பிஎஸ்ஸே (மின்சாரம் தரும் பெட்டி) போதும். நினைவகம் ஜிடிடிஆர்5ஆ, டிடிஆர்4ஆ என்று கேட்டு முதலாவதை வாங்குங்கள்.

குவாட்ரோ பி400: பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியது கிடைக்கும். மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட். பக்க வேலைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் ஒரு சிக்கல். டெல் எஸ்2722க்யூசியில் இரண்டு எச்டிஎம்ஐயும் ஒரு யுஎஸ்பி-சியும்தான் உண்டு, டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. பி400க்கு அதைச் சேர்க்க ஆக்டிவ் வகை மாற்றி தேவைப்படும். சாதாரண மலிவு மாற்றியில் திரும்பவும் 30தான். எல்ஜி 27யுஎல்500இல் டிஸ்ப்ளேபோர்ட் உண்டு, மினியிலிருந்து பெரியதற்கு ஒரே கேபிள், முடிந்தது. ஆக, டெல் என்றால் ஜிடி 1030. எல்ஜி என்றால் இரண்டில் எதுவும்.

இன்டெல் ஆர்க் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரே தடவையில் அணுகும் வழி) வசதி இல்லாத போர்டில் அது பாதி உயிரோடுதான் ஓடும்.

கேஸ் மெலிந்த வகையா, சாதாரண டவரா? மெலிந்ததென்றால் கார்டோடு குட்டைப் பிராக்கெட் வருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கார்டு நிற்கும், மூடி மூடாது.

22 அங்குலத்தை மதர்போர்டின் விஜிஏயிலேயே விடலாம். கார்டு செருகியதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய் உள் கிராபிக்ஸ் மல்டி மானிட்டர் என்ற மாதிரி இருக்கும் அமைப்பை எனேபிள் செய்யுங்கள். 4கே 150இலும் பழையது 100இலும் இருந்தால், ஜன்னலை ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுக்கும்போது எழுத்தளவு ஏறக்குறைய மாறாது. இது உங்களுக்கு அதிர்ஷ்டவசமான ஜோடி.

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போடுங்கள். இன்டிசைனுக்கு 8 எப்படியும் இழுபறிதான்.

---

மங்கலான_மெனு

எல்லோரும் 4கே என்கிறீர்கள், பேஜ்மேக்கரை யாரும் தொடவில்லையே. 7.0 வந்தது 2001இல், அதோடு நின்றுவிட்டது. அடர்த்தி மிகுந்த திரை என்ற ஒன்று அதற்குத் தெரியாது. 150 சதவீத ஸ்கேலிங்கில் விண்டோஸ் அதன் ஜன்னலைச் சின்னதாக வரைய வைத்து, படம் போல இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். விளைவு: 4கே திரையில் பனிமூட்டமான எழுத்து. நீங்கள் ஓடிவந்த அதே பிரச்சினை, இன்னும் கொஞ்சம் மோசமாக.

வழி உண்டு. பேஜ்மேக்கரின் எக்ஸிகியூட்டபிள் கோப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி தாவல், சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அடியில் ஓவர்ரைடு பெட்டியை டிக் செய்து, கீழ்ப்பட்டியலில் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூடித் திறந்தால் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். விலை என்னவென்றால் கருவிப் பெட்டியும் பட்டன்களும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அதே பட்டியலில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்றும் ஒன்று இருக்கிறது. சில நிரல்களில் அது இரண்டுக்கும் நடுவே நல்ல பலன் தரும், முயன்று பாருங்கள்.

அப்ளிகேஷன் முறையில் ‘ஆக்சுவல் சைஸ்’ என்பதை நம்பாதீர்கள். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று அது நினைத்துக்கொண்டிருந்தால், 163 உள்ள திரையில் பக்கம் சிறுத்துத் தெரியும். 170 சதவீதம் வைத்தால் நிஜத் தாள் அளவு. ஒரு ஏ4 தாளைத் திரைமேல் ஒட்டிப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாள் முழுக்க பேஜ்மேக்கர் மட்டும் என்றால் 27 அங்குல 2கே, 100 சதவீதம், தலைவலி இல்லை என்பது என் கட்சி. உங்கள் போர்டின் எச்டிஎம்ஐயே 2கேயை 60இல் ஓட்டிவிடும், கார்டுச் செலவும் மிச்சம்.

---

புள்ளியடர்த்தி

பேஜ்மேக்கர் மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது ‘ர’வும் காலும் பிரிய வேண்டும் என்று, 2கேயில் அது பிரியாது. பேஜ்மேக்கரில் திருத்தி, மெய்ப்பைப் பிடிஎஃப் ஆக்கி 4கேயில் படிப்பதுதான் வழி. பிடிஎஃப் நிரல்களும் இன்டிசைனின் புதிய பதிப்புகளும் ஸ்கேலிங்கை ஒழுங்காக மதிக்கின்றன. கருவிப் பெட்டி சிறுத்த பேஜ்மேக்கரை வேண்டுமானால் 22 அங்குலத்துக்குத் தள்ளிவிடலாம்.

---

பக்கம்கட்டி

தெளிவாகிவிட்டது, நன்றி. எல்ஜியும் ஜிடி 1030உம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன், கேஸ் சாதாரண டவர்தான். இரண்டு சந்தேகம் மிச்சம். ஐபிஎஸ், விஏ, ஓலெட் என்று திரை வகைகளைச் சொல்லிக் கடையில் குழப்புகிறார்கள். பிறகு, பெட்டி வந்ததும் எதைச் சோதிப்பது?

---

வண்ணத்தகடு

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் ஐபிஎஸ். விஏயில் கறுப்பு ஆழமாக இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000:1, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். ஆனால் ஓரமாகப் பார்த்தால் சாம்பல் நிறங்கள் வெளுக்கும், 27 அங்குலத்தில் திரையின் மூலைகளே உங்களுக்கு ஓரம்தான். ஓலெட்டில் பல வகைகளில் பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்பதில்லை, எழுத்தோரத்தை மென்மையாக்கும் விண்டோஸின் கிளியர்டைப் அதை எதிர்பார்க்காததால் எழுத்தோரத்தில் வண்ணக் கசிவு தெரியும். போதாததற்கு டாஸ்க்பாரும் கருவிப் பெட்டியும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தழும்பு விழும். சினிமாவுக்கு ஓலெட், மெய்ப்புக்கு வேண்டாம்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். இந்த விலையில் அது பெயருக்குத்தான். விண்டோஸில் அணைத்தே வையுங்கள்.

27யுஎல்500இன் தாங்கி முன்பின் சாய மட்டும்தான் செய்யும், உயரம் ஏறாது, இறங்காது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரவில்லை என்றால் கழுத்து நோகும். அடியில் ஒரு பலகை வைக்கலாம், அல்லது பின்னால் 100×100 மிமீ துளைகள் இருக்கின்றன, மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) வாங்கி மாட்டலாம். டெல்லில் தாங்கியே ஏறி இறங்கும். அந்த வசதிக்குத்தான் அங்கே விலையில் ஒரு பகுதி.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள், திருப்பும்போது கேட்பார்கள். மானிட்டரை ஒரு மணி நேரம் ஓட விட்டபின் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து ஒற்றை நிறப் படங்களை முழுத்திரையில் போடுங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளி, வெள்ளையில் செத்த புள்ளி தெரியும். ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு உத்தரவாதத்தில் மாற்றித் தராத நிறுவனங்களே அதிகம். ஆகவே கடையின் திருப்பும் கெடு முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும். இருட்டறையில் கறுப்புப் படம் போட்டால் ஐபிஎஸ்ஸின் மூலைகள் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும், அது பழுதில்லை.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே 3840×2160, 60 ஹெர்ட்ஸ், 8 பிட், ஆர்ஜிபி (நிறத் தகவலை வெட்டாத முறை) என்று நான்கும் இருக்க வேண்டும். என்விடியா கார்டு எச்டிஎம்ஐயில் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொள்வது உண்டு. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அதன் கன்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்துக்குப் போய், நிற அமைப்பை ஆர்ஜிபி, ஃபுல் என்று மாற்றுங்கள். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து ஒரு வரி அடித்துப் பாருங்கள். ஓரம் கரைந்திருந்தால் நிறத் தகவல் வெட்டுப்படுகிறது என்று அர்த்தம்.

வெளிச்சம் பெட்டியிலிருந்து வரும்போது உச்சத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதற்குச் சமமாகும் வரை குறையுங்கள். மானிட்டர் மெனுவில் ஷார்ப்னஸைக் கூட்டி எழுத்தைத் தெளிவாக்கப் பார்க்காதீர்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம்தான் வரும். கிளியர்டைப் ட்யூனரை இரண்டு திரைக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள்.

---

முனையம்20

60 ஹெர்ட்ஸே பட்டியலில் இல்லை என்றால் பதறாதீர்கள். சில மானிட்டர்களின் மெனுவில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர் என்றோ, எச்டிஎம்ஐ 2.0 என்றோ ஒரு சுவிட்ச் இருக்கும். பழைய கருவிகளுக்காக அதை அணைத்து அனுப்புவதுண்டு. அதை ஆன் செய்யுங்கள். அதன் பிறகும் வரவில்லை, அல்லது திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துக் கறுத்து வருகிறது என்றால் கேபிள்தான். எச்டிஎம்ஐயில் பிரீமியம் ஹை ஸ்பீடு சான்று ஒட்டியது, 2 மீட்டருக்குள்.

ஜிடி 1030 சிலவற்றில் எச்டிஎம்ஐயோடு டிஸ்ப்ளேபோர்ட்டும் இருக்கும், சிலவற்றில் டிவிஐ என்ற பழைய இணைப்புதான். டிஸ்ப்ளேபோர்ட் உள்ளது கிடைத்தால் அதில் மாட்டுங்கள், அந்த ஆர்ஜிபி, டிவி குழப்பம் பெரும்பாலும் வராது. ஆனால் பெயர் தெரியாத டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேண்டாம். மட்டமான சிலவற்றில் 20ஆம் முனையை இரு பக்கமும் இணைத்துவிடுகிறார்கள், அது இணைக்கக் கூடாதது. மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் ஏறி, கணினி அணைத்த பின்னும் விளக்கு எரிவது, திரும்ப ஆன் ஆகாமல் அடம்பிடிப்பது என்றெல்லாம் நடக்கும். கேபிளை உருவினால் ஆன் ஆகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அதைக் குப்பையில் போடுங்கள்.

---

பக்கம்கட்டி

டிஸ்ப்ளேபோர்ட் உள்ள ஜிடி 1030ஐயே தேடுகிறேன். கிடைக்காவிட்டால் எச்டிஎம்ஐயில் ஓட்டினாலும் எழுத்துத் தெளிவில் குறை இருக்காதுதானே?

---

முனையம்20

ஆர்ஜிபி, ஃபுல், 8 பிட், 60 என்று நான்கும் காட்டினால் இரண்டுக்கும் இம்மியளவும் வித்தியாசம் இல்லை.